கத்தி முதல் மண்வெட்டி வரை: கூர் தீட்டுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுக் கத்தி, அரிவாள்மணை, தோட்டத்து அரிவாள் எல்லாவற்றையும் நானே தீட்டிக்கொள்கிறேன் என்று தெரிந்ததிலிருந்து, ஊருக்குப் போனால் யாராவது ஒருவர் மொண்ணைக் கத்தியோடு வந்து நிற்கிறார். கேட்பதும் பெரும்பாலும் இதே கேள்விகள்தான். நான் கொல்லரும் இல்லை, தச்சரும் இல்லை. பத்துப் பதினைந்து வருடமாகக் கல்லை வைத்துக்கொண்டு தேய்த்ததில், சில கத்திகளைக் கெடுத்ததில், தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

கத்தி மழுங்கிவிட்டதா என்று எப்படிப் பார்ப்பது?

தக்காளியைக் கேளுங்கள். நன்றாகப் பழுத்த தக்காளியின் மேல் கத்தியை வைத்து, அழுத்தாமல் ஒரு இழுப்பு இழுங்கள். தோல் சட்டென்று விட்டுக்கொடுத்தால் கூர் இருக்கிறது. தோல் குழிந்து, பழம் நசுங்கி, கடைசியில் கத்தி நுனியால் குத்தித்தான் உள்ளே போகிறீர்கள் என்றால் தீட்ட வேண்டிய நேரம் வந்துவிட்டது.

இன்னொரு சோதனை எனக்கு ரொம்பப் பிடித்தது. கத்தியின் வாய், அதாவது வெட்டும் விளிம்பு, மேலே பார்க்கும்படி பிடித்து, டியூப்லைட்டுக்குக் கீழே மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். கூரான வாயில் வெளிச்சம் பட்டுத் திரும்புவதற்கு இடமே இருக்காது, கறுப்பாகத் தெரியும். மழுங்கிய இடத்தில் வெள்ளை நூல் ஒட்டியதுபோல ஒரு கோடு மின்னும். அங்கங்கே புள்ளியாக மின்னினால் பல் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். தீட்டி முடித்த பிறகும் இதையே செய்யுங்கள். கட்டைவிரலை வாயின் நீளவாக்கில் ஓட்டிப் பார்க்கும் பழக்கம் மட்டும் வேண்டாம்.

கொஞ்சம் மழுங்கலாக இருந்தால்தானே கை வெட்டாது?

அம்மா முதற்கொண்டு எல்லோரும் சொல்வது இது. மொண்ணைக் கத்தியை அழுத்தித்தான் வெட்ட வேண்டும். அழுத்தும்போதுதான் வெங்காயத் தோலில் வழுக்கி விரலுக்கு வருகிறது. கூரான கத்தி வைத்த இடத்தில் இறங்கும். கண்ணெரிச்சலும் குறையும், ஏனென்றால் வெங்காயம் நசுங்குவது குறைகிறது. ஆனால் ஒன்று: புதிதாகத் தீட்டிய கத்தியை வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டு வையுங்கள். பழைய கத்திக்குப் பழகிய கை முதல் நாள் ஏமாந்துபோகும்.

தீட்டும்போது என்னதான் நடக்கிறது?

இது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் கைப்பழக்கம்.

கத்தியின் இரண்டு பக்கச் சரிவும் வந்து ஒரு கோட்டில் சந்திக்க வேண்டும். மழுங்கிய கத்தியில் அந்தச் சந்திப்பு உருண்டுபோயிருக்கிறது. ஒரு பக்கத்தைக் கல்லில் தேய்க்கத் தேய்க்க, உருண்ட பகுதி கரைந்து, கடைசியில் மெல்லிய எஃகுச் சவ்வு ஒன்று எதிர்ப்பக்கம் மடங்கி நிற்கும். அதைத்தான் பிசிறு என்கிறோம். கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. கட்டைவிரலைக் கத்தியின் முதுகுப் பக்கத்திலிருந்து வாயை நோக்கி, வாய்க்கு வெளியே இறங்குமாறு இழுத்தால் கம்பளியில் நகம் மாட்டுவதுபோல் லேசாகச் சொரசொரக்கும்.

பிசிறு வராதவரை நீங்கள் வாய் வரைக்கும் தேய்க்கவில்லை. பிசிறு வந்தும் அதை எடுக்காமல் விட்டால், முதல் நாள் அபாரமாக வெட்டும். மறுநாள் அது மடங்கிப் பழைய குருடி கதவைத் திறடி கதைதான். "நான் தீட்டினால் நிற்கவே மாட்டேன் என்கிறது" என்று சொல்பவர்களில் பெரும்பாலானோர் சறுக்குவது இந்த இரண்டில் ஒன்றில். கல்லின் விலைக்கும் இதற்கும் சம்பந்தம் குறைவு.

எந்தக் கல் வாங்கலாம்?

ஹார்டுவேர் கடையில் "ரெண்டு பக்கக் கார்பரண்டம் கல்" என்று கேட்டால் தருவார்கள். ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் நைசு. சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். இதன் பொருள் சிலிக்கான் கார்பைடு. அமெரிக்காவில் எட்வர்டு அச்செசன் 1890களில் செய்யத் தொடங்கியது. மோஸ் கடினத்தன்மை அளவில் வைரம் 10 என்றால் இது 9க்கு மேல். கத்தி எஃகு 6ஐ ஒட்டி நிற்கும். அதனால்தான் கல் எஃகைத் தின்கிறது.

கல்லின் மேல் எண் போட்டிருந்தால், எண் ஏற ஏற நைசு கூடும். பல் விழுந்த கத்திக்கும் அரிவாளுக்கும் 200ஐ ஒட்டியது, சமையல் கத்திக்கு 1000. காய் நறுக்க இது போதும். 3000, 6000 என்று மேலே போவது ஆசைக்கு. எனக்கும் அந்த ஆசை வந்தது, வாங்கினேன். முருங்கைக்காய்க்கு வித்தியாசம் தெரியவில்லை.

கிணற்றடிக் கல்லில், துவைக்கிற கல்லில் தீட்டிய தாத்தாமார்கள் முட்டாள்கள் இல்லை. கருங்கல்லில் இருக்கும் குவார்ட்சு எஃகைவிடக் கடினம். என்ன, மணிகள் பெரிசும் சிறிசுமாக இருப்பதால் வாய் ரம்பம்போல் ஆகும். வெட்டரிவாளுக்குச் சரி. அவசரத்துக்குப் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து, அடியில் பளபளப்புப் பூசாத வளையத்தில் பத்து இழுப்பு இழுத்தாலும் ஓரளவு கூர் வரும்.

தண்ணீரா, எண்ணெயா?

தண்ணீர். புதுக் கல்லை ஊற வைத்துக் குமிழி அடங்கியதும் எடுங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். சமையல் எண்ணெய் மட்டும் ஊற்றாதீர்கள். நாள்பட்டுப் பிசின்போல் படிந்து கல்லின் துளைகளை அடைத்துவிடும். அப்புறம் அந்தக் கல் வழுக்கும், தின்னாது.

எந்தக் கோணத்தில் பிடிப்பது?

சமையல் கத்திக்குப் பக்கத்துக்கு 15 முதல் 20 டிகிரி. சொல்வது சுலபம், கைக்கு டிகிரி எப்படித் தெரியும்? ஒரு காகிதத்தின் மூலையை எடுத்துக்கொள்ளுங்கள், அது 90. அந்த மூலையின் ஓரமும் ஓரமும் சேரும்படி மடித்தால் 45. இன்னொரு முறை மடித்தால் இருபத்திரண்டரை. அதைக் கல்லின் மேல் வைத்து, அதைவிடக் கொஞ்சம் தாழ்வாகக் கத்தியைப் படுக்க வையுங்கள். இன்னொரு கணக்கும் உண்டு. நாலரை சென்டிமீட்டர் அகலக் கத்தி என்றால் முதுகு கல்லிலிருந்து 12 முதல் 15 மில்லிமீட்டர் எழும்பியிருக்க வேண்டும். தீப்பெட்டியைப் படுக்க வைத்தால் ஏறக்குறைய அந்த உயரம். நம் வீட்டுச் சின்னக் கத்திகள் இரண்டு சென்டிமீட்டர்தான் இருக்கும்; அவற்றுக்கு 6, 7 மில்லிமீட்டர் போதும்.

17ஆ 19ஆ என்பது முக்கியமில்லை. முதல் இழுப்பும் ஐம்பதாவது இழுப்பும் ஒரே சாய்வில் இருக்க வேண்டும், அவ்வளவே. சந்தேகமிருந்தால் வாயோரம் மார்க்கர் பேனாவால் மை பூசிவிட்டு இரண்டு இழுப்பு இழுத்துப் பாருங்கள். மை வாயோடு அழிந்தால் சரி. மேலே மட்டும் அழிந்தால் ரொம்பப் படுக்கையாகப் பிடித்திருக்கிறீர்கள்.

சரி, எப்படித்தான் தேய்ப்பது?

ஈரத்துணியை நாலாக மடித்து அதன்மேல் கல்லை வையுங்கள், நகராது. வலது கை பிடியில், இடது கையின் இரண்டு விரல் கத்தியின் மேல், வாயை ஒட்டி. பிடியடியில் தொடங்கி நுனி வரை, கல்லின் முழு நீளத்துக்கும் தள்ளி இழுங்கள். நுனி வரும்போது முழங்கையைக் கொஞ்சம் தூக்கினால்தான் வளைவு கல்லில் படும். கல்லின் மேல் சாம்பல் நிறத்தில் சேறு கட்டும். கழுவிவிடாதீர்கள், அதுவும் வேலை செய்கிறது.

ஒரு பக்கம் முழுவதும் பிசிறு வந்த பிறகே மறுபக்கம் திருப்புங்கள். இந்தப் பக்கம் பத்து, அந்தப் பக்கம் பத்து என்று எண்ணிக்கொண்டு செய்யாதீர்கள். கத்தி எண்ணுவதில்லை. மறுபக்கமும் பிசிறு வந்ததும் கல்லின் நைசுப் பக்கத்துக்கு மாறி, அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் கத்தியின் எடை மட்டும் படும்படி பக்கம் மாற்றி மாற்றி ஐந்தாறு இழுப்பு.

பிசிறு முழுக்கப் போக என்ன செய்வது?

"தீட்டின மரத்திலேயே கூர் பார்க்கிறான்" என்ற பழமொழியை நன்றி கெட்டவனுக்குச் சொல்கிறோம். அது என்ன, மரத்தில் போய்த் தீட்டுவது என்று சின்ன வயதில் எனக்குக் குழப்பம். பனையேறிகளைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. பாளை சீவும் அரிவாளுக்குச் சவரக் கத்திபோல் கூர் வேண்டும். மரக்கட்டையில் நைசான கல்பொடியைத் தூவி, அதில் தேய்த்துத் தேய்த்து அந்தக் கூரைக் கொண்டுவருவார்கள். நாவிதர் தோல்பட்டையில் சவரக் கத்தியை இழுப்பதும் இதே வேலை.

வீட்டில் பழைய தோல் பெல்ட் ஒன்றைப் பலகையில் ஒட்டி வைத்துக்கொண்டால் போதும். வாயைப் பின்னால் வைத்து, முதுகு முன்னால் போகும்படி இழுக்க வேண்டும். மாற்றி இழுத்தால் பெல்ட்டை அறுப்பீர்கள். பெல்ட் இல்லையா? செய்தித்தாளை மடித்துக் கல்லின் மேல் போட்டு அதில் இழுங்கள்.

கடையில் விற்கும் ஸ்டீல் கம்பி, இழுத்துத் தீட்டும் பொட்டி?

கறிக்கடையில் பாய் நிமிடத்துக்கொரு தரம் கம்பியில் சர்ர் சர்ர் என்று இழுக்கிறாரே, அந்தக் கம்பி மடங்கிய வாயை நிமிர்த்துகிறது. எஃகைப் பெரிதாகத் தின்பதில்லை. கூர் இருக்கிற கத்திக்கு அது நல்லது, மழுங்கிய கத்திக்கு அதனால் பயனில்லை. பிளாஸ்டிக் பொட்டியின் பிளவில் இழுக்கும் கருவி வாயைச் சுரண்டி எடுக்கிறது. வேகமாகக் கூர் வரும், வேகமாகக் கத்தியும் தேயும். நூறு ரூபாய்க் கத்திக்குப் போதும், நல்ல கத்திக்கு நான் கொடுக்க மாட்டேன்.

அரிவாள்மணையை எப்படித் தீட்டுவது?

முதலில் ஒரு சின்ன சங்கதி. பலரும் 'அரிவாள்மனை' என்று எழுதுகிறார்கள். அது மணை, உட்காருகிற பலகை. ஆந்திரத்தில் கத்திப்பீட்ட, வங்காளத்தில் பொன்ட்டி என்று இதற்கு உறவுக்காரர்கள் உண்டு. எல்லாவற்றிலும் வாய் நம்மைப் பார்த்து நிற்க, காயைத்தான் அதன்மேல் தள்ளுகிறோம். தீட்டும்போதும் அப்படியே: அரிவாள் நிற்கட்டும், கல் போகட்டும். பெரிய கல்லை வைத்துக்கொண்டு மணையைத் தலைகீழாகத் தூக்கி மல்லுக்கட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம் அந்த வித்தை.

உள்ளங்கையில் அடங்குகிற கல்துண்டு ஒன்று போதும். உடைந்த கார்பரண்டம் கல்லே இதற்கு உத்தமம். மணைக்கு நேர் எதிரே உட்காராமல் பக்கவாட்டில் உட்காருங்கள். முழங்காலால் பலகையை அழுத்திக்கொள்ளுங்கள். துருவல் நுனிமேல் ஒரு பழைய துணியைச் சுற்றிவிடுங்கள். அங்கேதான் புறங்கை கிழியும், எனக்கு இரண்டு முறை கிழிந்திருக்கிறது. விரல் நுனிகள் கல்லின் அடிப்பரப்புக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. கல்லை நனைத்து, சரிவோடு ஒட்ட வைத்து, சின்னச் சின்ன வட்டமாக ஓர் அங்குலம் தேயுங்கள். அடுத்த அங்குலம். அடியிலிருந்து மேலே வரை ஒரு பக்கம் முடித்துப் பிசிறு பார்த்துவிட்டு மறுபக்கம்.

உள்வளைவான இடத்தில் தட்டைக் கல்லின் மூலை மட்டும்தான் படும், வாயில் பள்ளம் விழும். அங்கே பழைய டார்ச் பேட்டரி ஒன்றில் நைசு உப்புத்தாளைச் சுற்றித் தேயுங்கள். சிரிக்காதீர்கள், பிரமாதமாக வேலை செய்கிறது. எங்கள் ஆச்சியின் அரிவாள்மணை இன்னும் அப்படித்தான் ஓடுகிறது. அவள் வாழைப்பூ ஆய்ந்து ஆய்ந்து தேய்ந்ததில் அரிவாள் நடுவில் மட்டும் இடுப்பு சிறுத்திருக்கும்.

துருவல் பற்களுக்கு முப்பட்டை அரம். ஒவ்வொரு பல்லிடுக்கிலும் இரண்டு மூன்று தள்ளல். முடித்ததும் நன்றாகக் கழுவுங்கள். சட்னியில் இரும்புத்தூள் வேண்டாம்.

தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டு. சைக்கிளை ஸ்டாண்டு போட்டு மிதித்துச் சாணை பிடித்தவர்களின் சக்கரம் மெதுவாகச் சுற்றும், சூடு அவ்வளவாக ஏறாது. மோட்டார் சக்கரத்தில் காயக் காயப் பிடித்தால்தான் ஆபத்து.

என்னிடம் ஒரு பழைய இரும்புக் கத்தி இருந்தது. அவசரத்தில் ஒருவரிடம் கொடுத்தேன். தீப்பொறி பறக்க ஒரே நிமிடத்தில் தந்துவிட்டார். வாயோரம் இரண்டு அங்குலத்துக்கு மயில்கழுத்து நீலம். அழகாகத்தான் இருந்தது. மூன்று நாளில் அந்த இரண்டு அங்குலம் மட்டும் மழுங்கிப்போனது. தீட்டினேன், மறுபடி மழுங்கியது. எஃகு சூடாகும்போது முதலில் வைக்கோல் நிறம் வரும், சுமார் 220 டிகிரியில். அப்புறம் பழுப்பு, ஊதா, 300ஐ ஒட்டி நீலம். நீலம் வந்த இடத்தில் எஃகு அதன் கடினத்தை இழந்துவிட்டது. எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது. அந்தப் பகுதி முழுக்கத் தேய்ந்து போகிற வரைக்கும் இரண்டு வருடம் அந்தக் கத்தியோடு போராடினேன்.

அதனால் அவரிடம் ஒரு குவளைத் தண்ணீர் கொடுத்து, "அண்ணே, அடிக்கடி முக்கி முக்கிப் பிடிங்க" என்று சொல்லுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார். கத்தரிக்கோல், தேங்காய் வெட்டும் கத்தி, ரொம்பப் பல் விழுந்தவை எல்லாவற்றுக்கும் அவர்தான் சரியான ஆள்.

இரும்புக் கத்தியா, எவர்சில்வர் கத்தியா?

இரும்பு என்று நாம் சொல்வது கார்பன் எஃகு. சீக்கிரம் கூர் வரும், சீக்கிரம் துருவும் பிடிக்கும். வாழைப்பூ, வாழைக்காய் வெட்டினால் கறுக்கும். காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து செய்கிற வேலை அது. மாங்காய் வெட்டினால் உடனே கழுவித் துடைத்துவிட வேண்டும். துருப் பிடித்தால் ஊறிய புளியால் தேய்த்துக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவி வையுங்கள். எவர்சில்வரில் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் மலிவு எவர்சில்வர் கத்தியில் பிசிறு விடாப்பிடியாக ஒட்டிக்கொண்டிருக்கும். பொறுமை வேண்டும்.

தோட்டத்து அரிவாளுக்கு என்ன செய்வது?

வெட்டரிவாளுக்குக் கத்தி மாதிரி மெல்லிய வாய் வைத்தால் முதல் முருங்கைக் கிளையிலேயே மடங்கும், கருவேலங்கட்டையில் பல் விழும். பக்கத்துக்கு 25 டிகிரி வரை தடிப்பாக விடுங்கள். சொரசொரப்புக் கல் போதும்.

நாளடைவில் மெல்லிய பகுதி தேய்ந்து, தடித்த இடத்துக்கே வாய் வந்துவிடும். அப்போது கல்லைப் போட்டு மாளாது. கொல்லுப்பட்டறையில் கொடுத்துக் காய்ச்சி அடித்து வாங்க வேண்டும். உலையில் பழுக்கக் காய்ச்சி, வாயைத் தட்டி மெலிதாக்கி, தோய்ச்சல் போட்டு, அதாவது சூட்டோடு முக்கியெடுத்து, தருவார் ஆசாரி. பெரும்பாலான பட்டறைகளில் அரிவாள் அடிப்பது பழைய லாரிப் பட்டையில். அது நல்ல ஸ்பிரிங் எஃகு, அடியும் தாங்கும் கூரும் நிற்கும். சிவகங்கைப் பக்கம் திருப்பாச்சேத்திக்கு அரிவாளால்தான் பேர்.

கதிர் அறுக்கும் பன்னரிவாளைக் கல்லில் தேய்க்கவே தேய்க்காதீர்கள், வாயில் இருக்கும் கருக்கு, அந்தச் சின்னப் பற்கள், அழிந்துவிடும். மழுங்கினால் ஆசாரியிடம் கருக்கு வெட்டி வாங்குவதுதான் வழி.

கோடாலி, மண்வெட்டி?

இவற்றுக்குத் தட்டை அரம். அரம் தள்ளும்போது மட்டும்தான் வெட்டும். திரும்ப இழுக்கும்போது தூக்கிவிடுங்கள், இல்லையென்றால் அரத்தின் பல்தான் போகும். அரத்தில் எண்ணெய் போடாதீர்கள். சாக்பீஸ் தேய்த்துக்கொண்டால் இரும்புத்தூள் அடைக்காது. கையில் தடித்த உறை கட்டாயம்.

மண்வெட்டிக்கு ஒரு பக்கம் மட்டும் சரிவு வைத்தால் போதும். கல் தட்டி வளைந்த இடத்தை முதலில் சுத்தியலால் தட்டி நேராக்கிக்கொள்ளுங்கள். மண்வெட்டியை யாரும் தீட்டுவதில்லை. ஒருமுறை தீட்டிப் பாத்தி வெட்டிப் பாருங்கள், இடுப்பு உங்களுக்கு நன்றி சொல்லும்.

விறகு பிளக்கும் கோடாலிக்கு அதிகக் கூர் தேவையில்லை, பிளப்பது அதன் ஆப்பு வடிவம். மரம் வெட்டுகிற கோடாலிக்குத்தான் கல் போட வேண்டும்.

உளி, இழைப்புளி?

சரிவு 25 டிகிரி, வாயோரம் மட்டும் 30. தட்டையான முதுகுப் பக்கம் கல்லில் முழுக்கப் படிந்து கண்ணாடிபோல் இருக்க வேண்டும். பலர் அதைத் தொடுவதே இல்லை. தச்சரிடம் பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள், நான் எழுதுவதைவிட நன்றாகப் புரியும்.

மிக்ஸியில் கல் உப்பைப் போட்டு ஓட்டினால் பிளேடு கூராகுமாமே? கத்தரிக்கோலால் அலுமினியத் தாளை வெட்டினால்?

வாட்சப்பில் வருடத்துக்கு இருமுறை வருகிறது. உப்பின் கடினம் மோஸ் அளவில் இரண்டரை, எஃகு அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். வெண்ணெயை வைத்துக் கத்தி தீட்ட முடியுமா? உப்பு பிளேடில் ஒட்டிய பழைய மசாலாவைச் சுரண்டி எடுக்கும், அதனால் புதிதாகத் தெரியும். தவிர, நிமிடத்துக்குச் சுமார் 18,000 சுற்று சுற்றுகிற மிக்ஸி, வெட்டுவதைவிட அடித்து நொறுக்குவதுதான் அதிகம். பிளேடு ரொம்பத் தேய்ந்தால் மாற்றிவிடுங்கள். அலுமினியத் தாளும் அப்படித்தான். உப்புத்தாளை வெட்டினால் கொஞ்சம் பலன் இருக்கும்.

தீட்டி ஒரு வாரத்தில் மழுங்கிவிடுகிறதே?

எதன்மேல் வெட்டுகிறீர்கள்? கிரானைட் மேடை என்றால் அங்கேயே பதில் இருக்கிறது. ஒவ்வொரு வெட்டின் முடிவிலும் வாய் கல்லில் போய் மோதுகிறது. எவர்சில்வர் தட்டு, கண்ணாடிப் பலகை எல்லாம் இதே கணக்கு. மரப்பலகைக்கு மாறுங்கள். நறுக்கியதை ஒதுக்கும்போது வாயால் வழிக்காமல் கத்தியைத் திருப்பி முதுகால் வழியுங்கள். சிங்க்கில் பாத்திரங்களோடு போடாதீர்கள். கழுவ வருபவர் கைக்கும் நல்லது. மாற்றிய பிறகு, தினம் சமைக்கும் வீட்டில்கூட இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கல், நடுவில் பெல்ட்டில் பத்து இழுப்பு என்று ஓடிவிடும்.

கல் நடுவில் குழி விழுந்துவிட்டது. தூக்கிப் போடலாமா?

வேண்டாம். அந்தக் கிரானைட் மேடை இதற்குத்தான் லாயக்கு. அதன்மேல் தண்ணீர் தெளித்து, 120ஆம் நம்பர் நீர் உப்புத்தாளை விரித்து, கல்லின் முகத்தில் பென்சிலால் கட்டம் கட்டமாகக் கோடு போட்டுத் தேயுங்கள். கோடு எல்லா இடத்திலும் அழிந்தால் கல் சமமாகிவிட்டது. மேடை கீறும் என்று வீட்டில் சத்தம் வந்தால் பழைய டைல்ஸ் ஒன்றைக் கொல்லைப்புறம் எடுத்துப்போய் அதன்மேல் தேய்த்துக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.